யெல்லோஸ்டோன் மலைநாட்டில் இரு பயணங்கள்

பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்கு அகராதி வகுத்த அறிஞர்கள் அழகானதொரு விளக்கம் தருவர். திரையை விலக்குதல், மூடியிருப்பதை வெளிப்படுத்துதல் என்பன அதன் வேர்ச்சொல்லின் பொருள்கள். பெண் தன் முகத்திரையை விலக்குவதையும், வைகறை ஒளிவிடுவதையும் அதே வேரிலிருந்து பிறந்த சொற்களால்தான் அரபு மொழி சுட்டுகிறது. மனிதரின் குணங்களை மூடியிருக்கும் திரையைப் பயணம் அகற்றிவிடுவதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது என்பர் அவர்கள். வீட்டில் இருக்கும்போது எல்லோரும் நல்லவர்களே. வழியில்தான் ஒருவர் இன்னார் என்பது தெரியவரும்.

இவ்விளக்கத்துக்குச் சான்றாக வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் ராக்கி மலைநாட்டில், 1877ஆம் ஆண்டுக் கோடையில், இரு பயணக் கூட்டங்கள் ஒரே பாதையில் எதிர்ப்பட்டன. ஒன்று, மணமாகி இரண்டாண்டுகளே ஆகியிருந்த ஓர் இளந்தம்பதியரின் உல்லாசப் பயணம். மற்றது, தாய்மண்ணிலிருந்து துரத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் உயிர்காக்கும் பயணம். அவ்விரண்டும் சந்தித்த சில நாள்களில் விலகிய திரைகள் பல. அவற்றையே இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம்.

மலைநாடும் அதன் சட்டமும்

யெல்லோஸ்டோன் என்பது இன்றைய வயோமிங், மான்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் உயர்ந்த மலைப் பீடபூமி. அதன் பெரும்பகுதி வயோமிங்கில் உள்ளது. நிலத்தின் அடியில் கனன்று கொண்டிருக்கும் எரிமலை வெப்பத்தால் அங்குத் தண்ணீர் கொதித்து, மரங்களுக்கு மேலே பீறிட்டெழுகிறது. சேறு குமுறுகிறது, பாறைகள் மஞ்சளும் சிவப்புமாய் நிறம் மாறி நிற்கின்றன. 1872 மார்ச் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் யுலிசஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டம் இருபது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலப்பரப்பைக் குடியேற்றத்துக்கும் விற்பனைக்கும் உரியதல்ல என விலக்கி, மக்களின் இன்பத்துக்குரிய பொதுப் பூங்காவாக அறிவித்தது. உலகில் இன்று பரவியுள்ள தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் மூத்தது இதுவே எனப் போற்றுவர்.

சட்டம் நல்லதுதான். ஆயினும், 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற வினாவை அது எழுப்பவில்லை. அந்நிலத்தில் மனிதர் நடமாடிய சுவடுகள் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்குள்ள கருங்கண்ணாடிப் பாறையிலிருந்து வெட்டிய கற்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தொலைகிழக்கில் உள்ள ஒஹையோ நிலப்பகுதி வரை சென்றிருக்கின்றன. மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி இனத்தார் சட்டம் பிறந்தபோதும் அங்கு வாழ்ந்து கொண்டிருந்தனர். பிற இனத்தார் பலர் வேட்டைக்காகவும் வாணிகத்துக்காகவும் அவ்வழியே போய் வந்தனர். எனினும், கொதிநீர் ஊற்றுகளைக் கண்டு அஞ்சிப் பழங்குடியினர் அப்பக்கம் தலைவைக்க மாட்டார்கள் என்றொரு கதை வெள்ளையரிடையே பரவியது. ஆளில்லாத நிலம் என்று சொல்லிக்கொள்ள அக்கதை வசதியாக இருந்தது. அதை நம்பியவர்களுள் நம் இளந்தம்பதியரும் அடங்குவர்.

தம்பதியரின் புறப்பாடு

ஜார்ஜ் கோவன் மான்டானாவில் ராடர்ஸ்பர்க் என்னும் தங்கச் சுரங்க ஊரில் வழக்கறிஞராக இருந்தார். அவர் மனைவி எம்மா இருபத்து மூன்று வயதைத் தாண்டியவர். சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் மான்டானாவுக்கு வந்து குடியேறியவர். 1877 ஆகஸ்ட் 6ஆம் நாள் இருவரும் யெல்லோஸ்டோனைக் காணப் புறப்பட்டனர். எம்மாவின் சகோதரர் ஃபிராங்க் கார்ப்பெண்டர், பதின்மூன்று வயதான தங்கை ஐடா, நண்பர்களும் வேலையாளுமாக ஐவர் என, மொத்தம் ஒன்பது பேர். இரட்டை இருக்கை கொண்ட குதிரை வண்டி ஒன்று, சாமான் வண்டி ஒன்று, சவாரிக் குதிரைகள் நான்கு, கூடாரங்கள், தின்பண்டங்கள் ஆகியவற்றோடு வயலினும் கித்தாரும் உடன் சென்றன. பூங்காவுக்கு அந்நாளில் ரயில் இல்லை; முறையான சாலையும் இல்லை. ஓர் ஆண்டில் அங்கு வந்து போனவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரே.

வழியில் ஹென்றி ஏரியில் தங்கி, இரவில் தீவட்டி வெளிச்சத்தில் மீன் பிடித்தனர். பின்னர் மேடிசன் ஆற்றைப் பலமுறை கடந்து, ஃபயர்ஹோல் ஆற்றங்கரையில் கீழ்க் கொதிநீர்ப் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தில் கூடாரமடித்தனர். அங்கிருந்தபடியே ஊற்றுகளையும் அருவிகளையும் சுற்றிப் பார்த்தனர்.

அவ்வேளையில் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதி ஷெர்மனும் சிறு காவலுடன் பூங்காவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிக் கொண்டிருந்தார். நெஸ் பெர்ஸ் இனத்தாருடன் ராணுவம் போரிடும் செய்தியை அந்தக் குழுவினர் வாயிலாகத்தான் கோவன் கூட்டத்தார் அறிந்தனர். ஆனால் அக்குழுவின் வழிகாட்டி, பூங்காவுக்குள் பழங்குடியினர் ஒருபோதும் வரமாட்டார்கள், வீடு திரும்புவதைக் காட்டிலும் இங்கிருப்பதே பத்திரம் என்று உறுதி கூறினாராம். ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை, மறுநாள் ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில், அவர்கள் பெரிய தீ மூட்டிப் பாடியும் ஆடியும் களித்தனர். அந்தத் தீயை இருளில் இருந்து சில கண்கள் பார்த்துக் கொண்டிருந்தன.

மற்றொரு பயணம்

அக்கண்களுக்கு உரியவர்கள் யார்? நெஸ் பெர்ஸ் என்பது பிரெஞ்சு வணிகர் இட்ட பெயர். அவர்கள் தம்மை 'நிமீபூ' என்றே அழைத்துக் கொள்வர். ஒரிகான், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் ஒன்றுகூடும் ஆற்று நாடே அவர்களுடைய தாயகம். குதிரை வளர்ப்பில் பெயர் பெற்றவர்கள். 1855இல் அமெரிக்க அரசு அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்து, ஏறத்தாழ 75 லட்சம் ஏக்கர் நிலம் அவர்களுக்கே உரியதென எழுதித் தந்தது. 1860இல் அந்நிலத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1863இல் புதிய உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது; அது பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைப் பறித்துக்கொண்டது. ஒரு சாரார் கையொப்பமிட்டனர். வல்லோவா பள்ளத்தாக்கில் வாழ்ந்த மூத்த ஜோசஃபும் வேறு சில தலைவர்களும் மறுத்தனர். 1871இல் மரணப் படுக்கையில் இருந்த மூத்த ஜோசஃப், பெற்றோரின் எலும்புகள் கிடக்கும் மண்ணை ஒருநாளும் விற்றுவிடாதே என்று மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மகனும் ஜோசஃப் என்றே உலகுக்கு அறிமுகமானவர்.

1873இல் கிராண்ட், வல்லோவாவின் ஒரு பகுதியை அவர்களுக்கென ஒதுக்கி ஆணையிட்டார். 1875இல் அவரே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1877 மே மாதத்தில் தளபதி ஹோவர்டு, முப்பது நாள்களுக்குள் அனைவரும் குறுகிய ஒதுக்குநிலத்துக்குள் வந்துவிட வேண்டுமென உத்தரவிட்டார். தலைவர்கள் மனம் கசந்தும் இணங்கினர். ஆனால் பழைய கொலைகளுக்கு நியாயம் கிடைக்காத ஆத்திரத்தில் சில இளைஞர்கள் குடியேறிகள் சிலரைக் கொன்றுவிடவே, போர் மூண்டது. ஆண், பெண், முதியோர், குழந்தைகள் என ஏறத்தாழ எண்ணூறு பேர், இரண்டாயிரம் குதிரைகளுடன் கிழக்கு நோக்கி மலையேறினர்.

மலைகளைக் கடந்து மான்டானாவுக்குள் வந்ததும், தமக்குப் பகை ஹோவர்டின் படையோடு மட்டுமே, இந்நாட்டு மக்களோடு அன்று என்று அவர்கள் எண்ணினர். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் கடைகளில் விலை கொடுத்தே பொருள் வாங்கினர். ஆனால் ஆகஸ்ட் 9ஆம் நாள் விடியுமுன், பிக் ஹோல் என்னுமிடத்தில் உறங்கிக் கொண்டிருந்த அவர்களுடைய கூடாரங்கள்மீது கர்னல் கிப்பனின் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. அறுபது முதல் தொண்ணூறு பேர் வரை மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பலர். தாக்கிய படையை வீரர்கள் மடக்கி நிறுத்தியிருக்க, மற்றவர்கள் இறந்தோரை அவசரமாகப் புதைத்துவிட்டு நகர்ந்தனர். அதன்பின் வழிநடத்தும் பொறுப்பு, ஆங்கிலம் பேசத் தெரிந்த லீன் எல்க் என்பவரிடம் வந்தது. வெள்ளையர் அவரைப் 'போக்கர் ஜோ' என்பர். ஆகஸ்ட் 23ஆம் நாள் அம்மக்கள் யெல்லோஸ்டோனுக்குள் நுழைந்தனர். பிக் ஹோல் நிகழ்ந்து அப்போது இரண்டு வாரமே ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 24

மறுநாள் எம்மா, ஜார்ஜ் தம்பதியரின் இரண்டாம் திருமண நினைவு நாள். அதிகாலையில் கூடாரத்துக்கு வெளியே அந்நியக் குரல்கள் கேட்டன. முதலில் சில இளைஞர்கள்தாம் வந்தனர். அவர்களுள் ஒருவரான மஞ்சள் ஓநாய் என்பவர், பிற்காலத்தில் தம் போர் நினைவுகளை வாய்மொழியாகச் சொல்ல, மெக்வொர்ட்டர் என்பவர் அதனை 1940இல் நூலாக்கி வெளியிட்டார். ஆதலால் அந்தக் காலைப்பொழுதை நாம் இரு தரப்பாரின் கண்கள்வழியும் காண முடிகிறது. வரலாற்றில் இவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டும். அம்மக்கள் கொதிநீரைக் கண்டு அஞ்சியதாகச் சொல்லப்பட்ட கதையையும் அவர் மறுக்கிறார். அத்தகைய ஊற்றுகள் தமக்குப் புதியவை அல்ல என்கிறார்.

வந்தவர்கள் உணவு கேட்டனர். நண்பர்களுள் ஒருவரான ஆர்னால்டு சர்க்கரையும் மாவும் அள்ளிக் கொடுக்கத் தொடங்கினார். ஜார்ஜ் சினந்து அதனைத் தடுத்துவிட்டார். பசித்து வந்தவனின் முன் பையை இறுக்கிக் கட்டிய அந்தச் செய்கையை அவர்கள் மறக்கவில்லை. சற்று நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்துகொண்டனர். தலைவர்களிடம் பேசித்தான் விடுதலை பெற வேண்டும் என்ற நிலையில், ஒன்பது பேரும் அவர்களோடு கிழக்கு நோக்கிச் சென்றனர். விழுந்து கிடந்த மரங்களுக்கிடையே வண்டிகள் நகர முடியாமற்போனபோது அவை கைவிடப்பட்டன. இளைஞர்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைச் சாட்டைக் காம்புகளுக்காகக் கழற்றினர். ஒருவன் இளஞ்சிவப்புக் கொசுவலையைக் குதிரையின் வாலில் கட்டிப் பறக்கவிட்டு ஓடினான் என்று எம்மா எழுதுகிறார்.

நண்பகலில் தலைவர்கள் கூடிப் பேசினர். நல்ல குதிரைகளை எடுத்துக்கொண்டு களைத்த குதிரைகளைக் கொடுத்து, இவர்களை விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அம்முடிவை எடுத்துச் சொன்னவர் லீன் எல்க். ஒன்பது பேரும் திரும்பினர். ஆனால் பிக் ஹோலில் தாயையும் தம்பியையும் பறிகொடுத்த இளைஞர் கூட்டத்துக்குத் தலைவர்களின் முடிவு உவப்பாக இல்லை. அவர்களுள் சிலர் பின்தொடர்ந்து வந்து சுட்டனர். ஜார்ஜ் தொடையில் குண்டு பாய்ந்து கீழே சாய்ந்தார். எம்மா குதிரையிலிருந்து குதித்தோடி அவரைத் தம் உடலால் மறைத்தார். ஒருவன் அவருடைய கையைப் பற்றி இழுத்த நொடியில், மற்றொருவன் ஜார்ஜின் நெற்றியில் கைத்துப்பாக்கியால் சுட்டான். கணவர் இறந்துவிட்டார் என்றே எம்மா எண்ணினார். ஓல்டாம் என்ற நண்பரின் கன்னத்தைக் குண்டு துளைத்தது. மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். எம்மாவும் சகோதரரும் தங்கையும் மீண்டும் சிறைப்பட்டனர்.

தீயருகே ஓர் இரவு

அன்றிரவு எம்மா, தலைவர் ஜோசஃபின் தீயருகே அமர்த்தப்பட்டார். ஜோசஃப் எதுவும் பேசாமல் துயரம் தோய்ந்த முகத்துடன் தீயையே பார்த்துக் கொண்டிருந்தார். தங்கை ஐடா வேறொரு தீயருகே இருந்தாள். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை எம்மாவை வாட்டியது. உணவு கொடுத்தார்கள்; அவர் உண்ணவில்லை. அப்போது ஒரு பெண் தன் கைக்குழந்தையை எடுத்துவந்து எம்மாவின் மடியில் வைத்தாள். ஜோசஃபின் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்ததை எம்மா கண்டார். இந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று அத்தாய் கேட்டாள். இன்று இவள் கணவனைக் கொன்றுவிட்டார்கள் என்று ஃபிராங்க் கூற, இவளுடைய நெஞ்சு நோகிறது என்று அவள் இரக்கப்பட்டாள்.

வாசக அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த முகாமில், பதினைந்து நாள்களுக்கு முன் பிள்ளையைப் புதைக்காத குடும்பம் அரிது. ஜோசஃபின் குடும்பத்தாரும் பிக் ஹோலின் குண்டுகளுக்குத் தப்பவில்லை. அத்தகைய கூட்டத்தில் ஒரு தாய், கொன்றவர்களின் இனத்துப் பெண்ணொருத்தியின் மடியில் தன் குழந்தையை வைக்கிறாள். ஆறுதல் சொல்ல மொழி இல்லாதபோது, தன்னிடம் இருந்த மிகச் சிறந்ததை அவள் கொடுத்தாள்.

மறுநாள் யெல்லோஸ்டோன் ஆற்றைக் கடந்தபின் தலைவர்கள் மீண்டும் கூடிப் பேசினர். லீன் எல்க், எம்மாவையும் ஐடாவையும் இரு சோர்ந்த குதிரைகளில் ஏற்றி, ஃபிராங்க் நடந்துவர, ஆற்றின் மறுகரைக்குத் தாமே அழைத்துச் சென்றார். ரொட்டியும் தீக்குச்சியும் மேலாடையும் கொடுத்தார். இரவும் பகலும் உறங்காமல் போங்கள், போஸ்மன் ஊரைச் சேருங்கள் என்று அறிவுறுத்தினார். மான்டானா மக்களோடு போரிட எமக்கு விருப்பமில்லை, இதனை உங்கள் மக்களிடம் கூறுங்கள் என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி. மூவரும் மலைச்சரிவுகளில் மறைந்தும் ஓடியும் சென்று ஒரு சிறு குதிரைப்படைப் பிரிவைக் கண்டடைந்து, உயிர் பிழைத்தனர்.

எல்லாரும் அவ்வாறு பிழைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே நாள்களில் ஹெலனா ஊரிலிருந்து வந்த மற்றொரு பயணக் கூட்டத்தை இளைஞர்கள் தாக்கினர். அதில் இருவர் உயிரிழந்தனர். அவர்களும் எவருக்கும் தீங்கு செய்யாதவர்களே. ஒரு தரப்பின் கொலையை மறைத்து மறு தரப்பின் கொலையை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

மாண்டவர் மீண்ட கதை

ஜார்ஜ் சாகவில்லை. நெற்றியில் பட்ட குண்டு மண்டையோட்டைத் துளைக்காமல் தட்டையாகி நின்றுவிட்டது. மாலையில் நினைவு தெளிந்து எழ முயன்றவரை, அவ்வழியே வந்த இன்னொருவன் இடுப்பருகே சுட்டான். இரவானதும் அவர் முழங்கைகளால் ஊர்ந்து நகரத் தொடங்கினார். கைவிடப்பட்ட வண்டியருகே அவருடைய நாய் காத்திருந்தது. மேலும் ஊர்ந்து பழைய கூடார இடத்தை அடைந்து, சிந்திக் கிடந்த சில தீக்குச்சிகளையும் காப்பிக் கொட்டைகளையும் பொறுக்கிக் காப்பி காய்ச்சிக் குடித்தார். நான்கைந்து நாள்களுக்குப் பின் ராணுவ ஒற்றர்கள் அவரைக் கண்டனர். அவர்கள் மூட்டிவிட்டுப் போன தீ இரவில் சருகு மண்ணில் பரவி அவரைச் சுட்டது. பின்னர் வந்த ஹோவர்டின் படை மருத்துவர் குண்டை எடுத்தார்.

கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி எம்மாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்தே கிடைத்தது. அவர் இரவு பகல் பாராமல் வண்டியில் விரைந்து கணவரைச் சேர்ந்தார். ஊர் திரும்பும் வழியில் வண்டி கவிழ்ந்து ஜார்ஜ் சரிவில் உருண்டார். போஸ்மன் விடுதியில் அவர் படுத்திருந்த கட்டிலும் முறிந்து விழுந்ததாம். நெற்றியில் பட்ட அந்தத் தட்டைக் குண்டை அவர் பிற்காலத்தில் கடிகாரச் சங்கிலியில் கோத்து அணிந்திருந்தார். 1926ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

எம்மா தம் நினைவுகளை எழுதினார். மான்டானா வரலாற்றுக் கழகம் 1903இல் அவற்றை அச்சிட்டது. கணவரைச் சுட்டவர்களை அவர் புகழவில்லை. புகழ வேண்டியதும் இல்லை. ஆனால், வெள்ளையர் என்ற பெயரையே வெறுத்திருக்க வேண்டிய வேளையில் அவர்கள் தமக்குக் காட்டிய கருணை, கிறித்தவர்களும் பின்பற்றத் தக்கது என்னும் கருத்தை அவர் தயங்காமல் பதிவு செய்தார். துன்பப்பட்டவரே துன்பம் செய்தவர் தரப்பின் நன்மையைச் சாட்சியாக எழுதிவைப்பது எளிதான செயலன்று. ஆத்திரம் ஆறிய பின்னரும் நேர்மை எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

யாருடைய வாக்கு?

லீன் எல்க் தந்த வாக்கு நிறைவேறியது; மூவரும் வீடு சேர்ந்தனர். அம்மக்களுக்குத் தரப்பட்ட வாக்கு என்னவாயிற்று?

யெல்லோஸ்டோனைக் கடந்து வடக்கே திரும்பியவர்கள், கனடா எல்லைக்கு ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவில், பேர் பா மலைகளுக்கருகே கர்னல் மைல்ஸின் படையால் வளைக்கப்பட்டனர். மொத்தம் ஆயிரம் மைல்களுக்கு மேல் நடந்து வந்திருந்தனர். அங்கு நடந்த போரில் லீன் எல்க் இறந்தார். தம் ஆளே எதிரியென்று தவறாக எண்ணிச் சுட்டதாகச் சொல்வர். 1877 அக்டோபர் 5ஆம் நாள், குளிரில் குழந்தைகள் விறைத்துச் சாகும் நிலையில், ஜோசஃப் துப்பாக்கியை ஒப்படைத்தார். நானூறுக்கு மேற்பட்டோர் சரணடைந்தனர். வேறொரு பகுதியினர் ஒயிட் பேர்டு என்ற தலைவருடன் இருளில் தப்பிக் கனடா சென்றனர். சரணடைந்தால் ஐடஹோவுக்குத் திருப்பி அனுப்புவோம் என்று மைல்ஸ் உறுதி கூறியிருந்தார். அந்த உறுதியை மேலிடம் ஏற்கவில்லை. அவர்களைத் தெற்கே, அறிமுகமில்லாத வெப்ப நிலத்துக்கு அனுப்புமாறு ஆணையிட்டவர் தளபதி ஷெர்மன். சில வாரங்களுக்கு முன் யெல்லோஸ்டோனின் எழிலைக் கண்டு திரும்பிய அதே ஷெர்மன்தான். கன்சாசிலும் இந்தியன் டெரிட்டரியிலும் நோயால் பலர் மடிந்தனர். 1879இல் ஜோசஃப் வாஷிங்டன் நகரம் சென்று, தம் மக்களுக்கு இழைக்கப்பட்டதை அவையோர்முன் எடுத்துரைத்தார். 1885இல் எஞ்சிய 268 பேர் வடமேற்குக்குத் திரும்ப விடப்பட்டனர். எனினும் ஜோசஃபும் அவரோடு இருந்த நூற்றைம்பது பேரும் வல்லோவாவுக்கு அனுப்பப்படவில்லை; வாஷிங்டன் மாநிலத்தின் கோல்வில் ஒதுக்குநிலமே அவர்களுக்கு வாய்த்தது.

பூங்காவின் கதையும் அதே திசையில் சென்றது. 1877க்குப்பின், பயணிகள் அஞ்சி வராமற்போய்விடுவார்களோ என்ற கவலை அதிகாரிகளுக்கு எழுந்தது. பழங்குடியினர் அங்கு வாழ்ந்ததே இல்லை என்பதுபோன்ற எண்ணத்தை அவர்கள் வலியுறுத்தி வளர்த்தனர். மலையாட்டு வேட்டைக்காரரான ஷோஷோனி மக்களும் வெளியேற்றப்பட்டனர். 1886 முதல் 1918 வரை பூங்காவின் நிர்வாகம் ராணுவத்திடம் இருந்தது. 1883இல் ரயில் பாதை பூங்காவின் வடக்கு எல்லைக்கு அருகே வரை வந்தது. பின்னர் விடுதிகள் எழுந்தன, சாலைகள் அமைந்தன. 1915 ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் மோட்டார் கார்கள் அனுமதிக்கப்பட்டன. கணவனும் மனைவியுமாகக் காரில் ஏறி, ஒரு தேசியப் பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு மலைநாடெங்கும் சுற்றிவரும் வழக்கம் அதன்பின் அமெரிக்கக் குடும்பங்களின் கோடைக்கால மரபாகவே வளர்ந்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் மட்டும் யெல்லோஸ்டோனுக்கு 48 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

இரு மீள்பயணங்கள்

1900ஆம் ஆண்டு ஜோசஃப், அரசின் அதிகாரி ஒருவருடன் வல்லோவா சென்றார். தந்தையின் கல்லறையைக் கண்டார். தம் மக்கள் வாழ அப்பள்ளத்தாக்கில் ஒரு சிறு துண்டு நிலமாவது கிடைக்காதா என்று கேட்டார். குடியேறிகள் விற்க மறுத்தனர், அதிகாரியும் பரிந்துரைக்கவில்லை. 1904 செப்டம்பர் 21ஆம் நாள் ஜோசஃப் கோல்வில்லில் தம் கூடாரத்தின் தீயருகே உயிர் நீத்தார். நெஞ்சுடைந்து இறந்தார் என்று அங்கிருந்த மருத்துவர் கூறியதாகச் சொல்வர்.

1901ஆம் ஆண்டு ஜார்ஜும் எம்மாவும் மீண்டும் யெல்லோஸ்டோனுக்குப் பயணம் சென்றனர். நல்ல சாலையில் வண்டி ஓடியது. உறங்க விடுதி இருந்தது. தாம் சிறைப்பட்ட இடத்தையும் குண்டு பாய்ந்த இடத்தையும் பார்த்து வந்தனர்.

ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு பயணங்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்காகவே நாம் இத்தனை செய்திகளையும் தொகுத்தோம். கோவன் தம்பதியர் தீயவர்கள் அல்லர். அவர்கள் பட்ட துன்பம் பொய்யுமன்று. ஆயினும் அவர்களுக்குத் துன்பம் நேர்ந்த இடம்கூட அவர்களை வரவேற்கக் காத்திருந்தது. ஜோசஃபுக்கோ தந்தை அடங்கிய இடமே அடைக்கப்பட்டிருந்தது. இயற்கை அழகைக் காப்பது உயர்ந்த பணி. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், காக்கப்படும் நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்களை விலக்கிவிட்டு, அது ஆதியிலிருந்தே ஆளற்ற நிலம் என்று பலகை எழுதி நடுவது வேறு செயல். அதற்குக் காப்பு என்ற பெயர் பொருந்தாது.

காலம் சில திரைகளை மெல்ல விலக்கிவருகிறது. 1986இல் அம்மக்கள் தப்பிச் சென்ற 1,170 மைல் பாதை தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. 1997இல் நெஸ் பெர்ஸ் மக்கள் வல்லோவா நாட்டில் பத்தாயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை மீண்டும் தம் உடைமையாகப் பெற்றனர். அவர்கள் இழந்ததை எண்ணினால் அது ஒரு கைப்பிடி மண். நூற்றிருபது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கோ அது தாய்மடி. கோவன் கூட்டத்தார் சிறைப்பட்ட இடத்தருகே ஓடும் நீரோடைக்கு இன்று நெஸ் பெர்ஸ் ஓடை என்று பெயர். பழைமை வாய்ந்த கொதிநீர் ஊற்றுகளைக் காண விரையும் கார்கள், நாள்தோறும் அந்த ஓடையைக் கடந்துதான் செல்கின்றன. மலைநாடு காணச் செல்வோர் அப்பெயரை வாசித்து, ஒருகணம் வண்டியை நிறுத்தி, இந்த வழியே நமக்கு முன் நடந்தவர் யார் என்று கேட்பாராயின், அவர்கள் கண்டு திரும்பும் காட்சிகள் இன்னும் நிறைவுடையனவாக இருக்கும்.